பறவை ஏன் தலைகீழாகத் தொங்குகிறது?

குமரி மாவட்டத்தில் வாழை இல்லாத ஊர் அபூர்வம். மட்டியோ ஏத்தனோ செவ்வாழையோ, எது குலை தள்ளியிருந்தாலும் சரி, காலை வெயில் ஏறுகிற நேரத்தில் அதனருகே சற்று அசையாமல் நின்றால் ஒரு தேன்சிட்டு வந்து சேரும். மடல் தூக்கிய இடத்தில் வரிசையாகத் தெரியும் பூக்களில் தேன் குடிக்க அது மேலிருந்து குனிவதில்லை. மடலின் விளிம்பைக் காலால் பற்றிக்கொண்டு, வயிறு மேலும் முதுகு கீழுமாகத் தொங்கி, வளைந்த அலகைப் பூவுக்குள் விடுகிறது. இரண்டு மூன்று பூ முடிந்ததும் பிடியை மாற்றி அடுத்த பக்கம் தொங்குகிறது.

இதே மாவட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் பறவைகள் இன்னும் பல உண்டு. எல்லாம் ஒரே காரணத்துக்காகத் தொங்குவதில்லை. எனவே தலைப்பிலுள்ள கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. இந்தப் பறவை, இந்த நேரத்தில், இந்த இடத்தில் ஏன் தொங்குகிறது என்று கேட்டால் பதில் உண்டு. பல சமயம் அது கண்ணெதிரிலேயே இருக்கும்.

முதலில் வௌவாலை ஒதுக்கிவைத்துவிடலாம். தொங்குவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். வௌவால் பறவை அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. பெரிய ஆலமரங்களில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்குத் தொங்குவதுதான் இயல்பான ஓய்வு. அதன் பின்னங்கால்கள் மெலிந்தவை. சிறகுத் தோல் அவற்றோடு இணைந்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கவோ, தரையிலிருந்து துள்ளி எழும்பவோ அந்தக் கால்கள் பெரிதாக உதவுவதில்லை. தொங்கிய இடத்தில் பிடியை விட்டால் போதும், விழுகிற வேகத்திலேயே சிறகை விரித்துப் பறந்துவிடலாம். பறவைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான பறவைகள் கால்களால் உந்தித் துள்ளித்தான் பறக்கத் தொடங்குகின்றன. கிளையில் நிமிர்ந்து உட்கார அவற்றுக்கு ஒரு தடையும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு பறவை தலைகீழாகிறது என்றால், அந்த நேரத்தில் அதற்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது.

ஆதாயத்தைப் பார்ப்பதற்கு முன், விழாமல் எப்படித் தொங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

காலுக்குள் இருக்கும் பூட்டு

பறவையின் காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டைப் பார்த்து முழங்கால் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே தசை மிகக் குறைவு; பெரும்பாலும் எலும்பும் தோலும் தசைநாணும்தான். விரல்களை மடக்கும் தசைகள் மேலே, உடலை ஒட்டிய சதைப்பற்றான பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் கணுக்காலின் பின்புறமாக இறங்கி விரல் நுனிவரை ஓடுகின்றன. கறிக்கடையில் வெட்டிப்போட்ட கோழிக்காலை எடுத்து, வெட்டுவாயில் துருத்தும் வெள்ளை நாணைப் பிடித்து இழுத்தால் விரல்கள் மடங்கும். சிறுவயதில் இதைக் காட்டித் தங்கையையோ தம்பியையோ அலறவிடாதவர்கள் குறைவு.

கிளையில் உட்காரும் பறவை உடலைத் தாழ்த்தும்போது கணுக்கால் மடங்குகிறது, நாண்கள் இழுபடுகின்றன, விரல்கள் தாமாக இறுகுகின்றன என்பது பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் விளக்கம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது ஓரளவு பொருந்தும். தொங்கும் பறவைக்கு இது போதாது, ஏனென்றால் தொங்கும்போது எடை காலைக் கீழே இழுத்து நீட்டப் பார்க்கிறது. அங்கே வேறோர் அமைப்பு துணைக்கு வருகிறது. விரலுக்குள் ஓடும் நாணின் அடிப்பக்கம் நுண்ணிய முண்டுகளால் சொரசொரப்பாக இருக்கிறது. அதைச் சூழ்ந்த உறையின் உட்பக்கத்தில் குறுக்கு வரிகள் இருக்கின்றன. விரல் கிளையை அழுத்தியதும் முண்டும் வரியும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. நாண் பின்னோக்கி வழுக்க முடிவதில்லை. பனையேறியின் காலில் கிடக்கும் தளைநார் அவருடைய எடையாலேயே மரத்தில் இறுகுவதுபோல, பறவையின் எடையே அதன் பிடியையும் காக்கிறது. தசை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குவின், பௌமெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் இந்தப் பூட்டைப் பல வகைப் பறவைகளின் கால்களில் விரிவாக விவரித்தார்கள். சில ஆண்டுகளில் வௌவாலின் காலிலும் இதேபோன்ற அமைப்பு இருப்பதை விவரித்தார்கள். நெருங்கிய உறவே இல்லாத இரண்டு உயிரினக் கூட்டங்கள் தனித்தனியாக ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பிடி ஒருபுறம் இருக்கட்டும், தலைக்கு ரத்தம் ஏறாதா? குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. திரவத்தின் அழுத்தம் அது நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. 13 செ.மீ. உயர ரத்தம் ஏறத்தாழ 10 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தரும். மனிதனின் இதயத்துக்கும் மூளைக்கும் இடையே சுமார் 30 செ.மீ. தூரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், தலைகீழானதும் மூளைப்பக்க அழுத்தம் இதயத்தருகே இருப்பதைவிட 23 மி.மீ. அளவு அதிகமாக இருக்கும். போதாக்குறைக்குக் காலில் இருக்கும் ரத்தமும் மேலுடலை நோக்கி இறங்கும். முகம் சிவக்கிறது, கண் பிதுங்குவதாகத் தோன்றுகிறது. தேன்சிட்டின் மொத்த நீளமே 10 செ.மீ.தான். இதயத்திலிருந்து தலைக்கு நாலைந்து செ.மீ. இருந்தால் அதிகம். அந்தத் தூரம் தரும் கூடுதல் அழுத்தம் 3 அல்லது 4 மி.மீ. அதன் ரத்த ஓட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சிறிய உடல் வேறு வகையிலும் உதவுகிறது. ஓர் உடலின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகிறது. தசையின் வலுவோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்குதான் கூடுகிறது. ஆகவே சின்னப் பறவைகளுக்குத் தொங்குவது மலிவு, பெரியவற்றுக்குச் செலவு. காகம் தொங்கவே தொங்காது என்றில்லை. கேபிள் வயரில் ஒற்றைக் காலில் தொங்கி விளையாடும் காகங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் அது பொழுதுபோக்கு. அன்றாடப் பிழைப்பைத் தொங்கியே நடத்துவது குட்டிப் பறவைகள்தான்.

வயிற்றுப்பாடு

பகலில் தொங்கும் பறவைகளில் பெரும்பாலானவை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. உணவு எங்கே இருக்கிறதோ அங்கே நிமிர்ந்து உட்கார இடமில்லை என்பதுதான் காரணம்.

ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். மேற்பக்கம் வெயிலும் மழையும் படும், எல்லோர் கண்ணிலும் படும். புழுவும் சிலந்தியும் பூச்சி முட்டைகளும் அடிப்பக்கத்தை விரும்புவதில் வியப்பில்லை. கிளையின் மேல் உட்கார்ந்து எட்டிப்பார்க்கும் பறவைக்கு அவை தெரியாது. கிளை நுனியில் தொங்கி இலையின் அடியை நேராகப் பார்க்கும் பறவைக்கு மற்றவர்கள் விட்டுவைத்த பந்தி முழுவதும் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்து முருங்கையிலும் மாமரத்திலும் மஞ்சள் உடம்பும் கறுப்புச் சிறகுமாக வரும் மாம்பழச்சிட்டு இதில் கைதேர்ந்தது. மலையடிவாரத் தோப்புகளில் திரியும் பட்டாணிக் குருவியும் அப்படியே. பட்டாணிக் குருவி தொங்கியபடி புழுவைப் பிடித்தாலும், பெரிதாக இருந்தால் கிளைக்குத் திரும்பி, காலடியில் வைத்து அமுக்கிக் கொத்தித் தின்னும். எடுப்பது தலைகீழாக, உண்பது நிமிர்ந்து.

மெல்லிய கிளைநுனி இன்னொரு பிரச்சினை. பழமும் பூவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நுனியில் வந்து உட்கார்ந்தால் கிளை வளைந்து பறவையைக் கவிழ்த்துவிடும். கவிழட்டும் என்று விட்டுவிட்டுத் தொங்குவதே எளிது. வெள்ளைக்கண்ணி, பச்சைச்சிட்டு, கிளிகள் எல்லாம் கையாளும் வழி இது. மாமரத்தைப் பிடித்த புல்லுருவியின் பழங்களைத் தின்ன வரும் பூக்கொத்தியும் எல்லாக் கோணத்திலும் தொங்கும். கட்டைவிரல் அளவுப் பறவை அது. ஒட்டும் விதையை எச்சத்தோடு அடுத்த கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போய்விடும். மாமரத்தின் உரிமையாளர் புல்லுருவியைத் திட்டுவார். அதை நட்ட தோட்டக்காரரைக் கவனித்திருக்கமாட்டார்.

தேன்சிட்டுக்கு வருவோம். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹம்மிங் பறவைகள் பூவுக்கு முன்னால் காற்றில் நின்றபடியே தேன் குடிக்கும். நம் தேன்சிட்டுகளும் சிலசமயம் ஓரிரு கணம் அப்படி நிற்பதுண்டு. ஆனால் அது மிகுந்த சக்தியைக் குடிக்கும் வேலை. பற்றிக்கொள்ள ஏதேனும் இருந்தால் பற்றிக்கொண்டு குடிப்பதே லாபம். வாழைப்பூ கீழ்நோக்கித் தொங்குவதால் பறவையும் தொங்க வேண்டியிருக்கிறது.

குமரியில் வீட்டைச் சுற்றிப் பெரும்பாலும் தென்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அதைவிடச் சற்றுப் பெரிதாக, அரிவாள்போல் நீண்டு வளைந்த அலகோடு வருவது லோட்டன் தேன்சிட்டு. லோட்டன் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் இருந்த டச்சு ஆளுநர். குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களால் இந்த மண்ணில் காலூன்ற முடியவில்லை. அவர்களில் ஒருவரின் பெயர் மட்டும் செம்பருத்திக்குச் செம்பருத்தி பறந்துகொண்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு செடி இருக்கிறது. சிவந்த பூக்கள் தரையை ஒட்டிப் பூக்கும். பூவே இல்லாத வெறுந்தண்டு ஒன்று நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கும். பார்க்க வீண் வேலையாகத் தோன்றும் அந்தத் தண்டு, தேன்சிட்டு பற்றிக்கொள்வதற்கான கைப்பிடி. பறவை அதில் தலைகீழாகத் தொங்கித் தரையோரப் பூவில் தேன் குடிக்கிறது; மகரந்தம் அதன் மார்பில் ஒட்டுகிறது. அந்தத் தண்டை நீக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது; தண்டை இழந்த செடிகளில் விதைப்பேறு குறைந்திருந்தது. தொங்குவது பறவையின் சாமர்த்தியம் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். அதைத் தொங்கவைப்பதில் செடிக்கும் பங்கு இருக்கிறது.

மரப்பட்டையில் வேலை செய்யும் பறவைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கத்துக் காட்டு மரங்களில் நீல நிறமும் சிவந்த அலகும் கறுத்த நெற்றியுமாக ஒரு சிறு பறவை தலை கீழாக இறங்கி வரும். அதன் பெயர் பசையெடுப்பான். மரங்கொத்தி விறைப்பான வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டுதான் ஏறும். அந்த வால் முட்டுக்கொடுப்பது கீழிருந்து மேலே போகும்போதுதான் சரியாக அமையும். பசையெடுப்பான் வாலை நம்புவதில்லை. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைக்கிறது. மேற்காலின் நகம் உடலைத் தொங்கவைத்துப் பிடிக்கிறது, கீழ்க்கால் முட்டுக்கொடுக்கிறது. கீழிருந்து ஏறும் பறவைக்குப் பட்டையின் கீழ்ப்பக்க இடுக்கு தெரியும். மேலிருந்து இறங்கும் பறவைக்கு மேற்பக்க இடுக்கு தெரியும். ஒரே மரத்தில் இரண்டு பேருக்கும் பிழைப்பு ஓடுகிறது. ரப்பர் மட்டுமே வரிசைகட்டி நிற்கும் தோட்டத்தில் இதைத் தேடிப் பயனில்லை என்பது என் அனுபவம். வெடித்த பட்டையுள்ள பழைய மரங்கள் வேண்டும்.

தொங்கும் வீடு, தொங்கும் மாப்பிள்ளை

தூக்கணாங்குருவிக்குத் தொங்குவது தொழில். மற்ற பறவைகள் தொங்கிச் சாப்பிடுகின்றன. ஆண் தூக்கணாங்குருவி தொங்கியே வீடு கட்டுகிறது, தொங்கியே பெண் தேடுகிறது.

தென்மேற்குப் பருவமழை வரும்போது கட்டுமானம் சூடுபிடிக்கும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல் வயலில் நிற்கும் காலம் அது. நெல் இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைத்து, அந்த முனையைக் கவ்வியபடி பறவை மேலே பறக்கிறது. இலை நீள நாராகக் கிழிந்து வருகிறது. பனையோலை, தென்னையோலையிலிருந்தும் இப்படியே நார் உரிக்கும். அதைக் கொண்டுவந்து பனையோலை நுனியில் சுற்றி முடிச்சுப் போடுகிறது. உட்கார்ந்து வேலை செய்ய மேடை எதுவும் கிடையாது. ஓலை நுனியில் தொங்கிக்கொண்டு, இரண்டு காலையும் பிடிக்குக் கொடுத்துவிட்டு, அலகு ஒன்றாலேயே நாரைச் செருகவும் இழுக்கவும் வேண்டும். முதலில் ஒரு தொங்கு கயிறு; அதன் அடியில் ஒரு வளையம்; வளையத்தின் மேல் கூரை இறங்கித் தொப்பிபோன்ற அரைக்கூடு. வளையம் உருவான பிறகு அதில் காலூன்றிக்கொண்டு வேலை கொஞ்சம் எளிதாகிறது. ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான நடை.

அரைக்கூடு ஆனதும் ஆண் வேலையை நிறுத்திவிடும். சோம்பல் இல்லை, இனி முடிவெடுக்க வேண்டியது பெண். பெண்குருவிகள் கூட்டமாக வந்ததும் ஒவ்வோர் ஆணும் தன் அரைக்கூட்டின் அடியில் தொங்கிச் சிறகடித்துக் கத்தத் தொடங்கும். மஞ்சள் தலையும் படபடக்கும் சிறகும் தூரத்திலிருந்தே தெரியும். இங்கே தொங்குவது விளம்பரம். பெண் உள்ளே போய்க் கட்டுமானத்தை இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் தங்குகிறது. பிடிக்காவிட்டால் அடுத்த கூடு. பெண் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆண் முட்டையறையை மூடி, கீழ்நோக்கிய நீண்ட குழாய் வாசலைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கவும் போய்விடும். குடும்பப் பொறுப்பு பற்றிப் பாடம் எடுக்க விரும்புபவர்கள் இந்தக் குருவியைத் தவிர்ப்பது நல்லது.

அந்தக் குழாய் வாசல் தலைகீழ் வாழ்வின் உச்சம். வீட்டுக்குள் நுழையக் கீழிருந்து செங்குத்தாக மேலே பறந்து உள்சுவரைப் பற்றி ஏற வேண்டும். குருவியால் முடிகிறது. பாம்புக்கும் காகத்துக்கும் அது கடினம். கிணற்றின் மேல் சாய்ந்த தென்னையிலோ குளக்கரைப் பனையிலோ, கீழே தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டுவதும் இதே பாதுகாப்புக்காகத்தான். மரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடுகள் அதிகம் இருப்பதைப் பல இடங்களில் கவனித்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்கு மரமே மறைப்பாகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று எப்படி வீசும் என்று தோவாளைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. ஓலை நுனியில் ஊசலாடும் கூடு அந்தக் காற்றோடு மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கில் ஆடுகிறது. தொங்கும் கூட்டுக்கு அது ஒரு வசதி.

வயல் சுருங்கச் சுருங்க நாருக்குப் பஞ்சம் வருகிறது. நெல் நின்ற இடத்தில் வாழையும், வாழை நின்ற இடத்தில் மனைக்கற்களும் வந்த ஊர்களில் பனைகள் மட்டும் நிற்கின்றன, கூடுகள் குறைந்துவிட்டன. சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சுற்றி நெல் இன்னும் விளையும் பகுதிகளில் தேடிப்பார்க்கலாம்.

பனையோலையின் அடியில் இன்னொரு குடித்தனமும் உண்டு. பனை உழவாரன் தன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிச் சிறு கிண்ணம்போலக் கூடு கட்டும். அதனால் கிளையில் உட்காரவே முடியாது. குட்டைக் கால்களின் கூர்நகத்தால் ஓலையைப் பற்றித் தொங்கித்தான் ஓய்வெடுக்கும். ஆனால் தலை மேல்நோக்கித்தான் இருக்கும். ஆகவே அதை நம் பட்டியலில் சேர்ப்பது முறையில்லை.

தொங்கியே தூங்கும் கிளி

தலைகீழாகத் தூங்கும் பறவை உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் நம் மலைகளில். பெயர் சின்னக் கிளி. நீளம் 14 செ.மீ.; சிட்டுக்குருவியைவிடப் பெரிதில்லை. உடல் முழுக்கப் பச்சை, பிட்டம் சிவப்பு, வால் குட்டை. பேச்சிப்பாறை, கோதையாற்றுப் பகுதிகளில் மரஉச்சியின் மேலாகக் கூர்மையான குரலெழுப்பிக்கொண்டு விருட்டெனப் பறந்துபோகும். பார்ப்பதற்கு முன் கேட்டுவிடலாம். முள்முருங்கை, இலவம் பூத்திருக்கும்போது தேனுக்காக இறங்கி வரும். அத்திப்பழமும் பிடிக்கும்.

இரவானால் இது வௌவாலைப்போலவே கிளையில் காலால் தொங்கித் தூங்கும். இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரவியிருக்கும் இதன் உறவுக் கிளிகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இலங்கையில் அந்தத் தீவுக்கே உரிய ஒரு வகை இருக்கிறது. கிளிகளுக்கு விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பதால் பிடி இடுக்கிபோல் உறுதியாக இருக்கும். கிளைவிட்டுக் கிளை போகும்போது அலகையும் மூன்றாவது காலாகப் பயன்படுத்தும்.

ஏன் தொங்கித் தூங்க வேண்டும்? பறவை ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் மறைவு பற்றியது. பச்சை உடலும் குட்டை வாலுமாக இலைகளுக்கிடையே தொங்கும் கிளி, தானும் ஓர் இலையாகிவிடுகிறது. பகலில்கூடக் கண்டுபிடிப்பது கடினம். நிலவொளியில் ஆந்தைக்கு எப்படித் தெரியும்? இது நிரூபிக்கப்பட்ட முடிவில்லை, நல்ல ஊகம். என் பங்குக்கு இன்னொன்றையும் சேர்ப்பேன்: மெல்லிய நுனிக்கிளையில் தொங்குபவருக்கு, மரத்தில் ஏறிவரும் எதிரியின் அசைவு கிளை வழியாக முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடும்.

இந்தக் கிளிக்கு இன்னொரு பெயரும் உண்டு, கெட்ட பெயர். பனை, தென்னைப் பாளையிலிருந்து கலயத்தில் வடியும் சாறு அதற்கு மிகவும் பிடிக்கும். கலயத்தில் புளித்த கள் இருந்தால் குடித்துவிட்டுக் கிறங்கிக் கிடந்ததைப் பழைய பறவை நூல்கள் குறித்துவைத்திருக்கின்றன. குமரியில் பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவது அக்கானி, அதாவது பதநீர். அது புளிக்காது, போதையும் தராது. எல்லை தாண்டிக் கேரளத்துத் தென்னந்தோப்புக்குப் போகும் கிளியின் நிலைமைக்கு நாம் பொறுப்பில்லை.

மழையில் குளிக்கவும், ஆடிக் காட்டவும்

வேறு காரணங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் கொண்டைக்கிளிகள் மழை பெய்யும்போது கிளையில் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்துக் குளிக்கும். சிறகின் அடிப்பக்கம் நனைய அதுவே சுலபமான வழி. பப்புவா நியூகினியின் மலைக்காடுகளில் வாழும் நீலச் சொர்க்கப் பறவையின் ஆண், பெண்ணின் முன்னால் தலைகீழாகத் தொங்கித் தன் நீல இறகுகளை விசிறியாக விரித்து ஆடும். கூண்டுக்கிளிகள் தொங்குவது பெரும்பாலும் விளையாட்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தானாகத் தொங்குகிறதா, மாட்டிக்கொண்டதா?

இதுவரை சொன்னதெல்லாம் பறவை விரும்பித் தொங்குவது பற்றி. விரும்பாமல் தொங்கும் பறவைகளும் நம் கண்ணில் படும். பட்டத்து நூல், வேலியில் கிடக்கும் பழைய மீன்வலை, ரம்புட்டானுக்கும் கொய்யாவுக்கும் மேலே போர்த்திய நைலான் வலை ஆகியவற்றில் சிக்கியவை அவை. தூக்கணாங்குருவிகளில் சில தம் கூட்டு நாரிலேயே கால் சிக்கி இறப்பதும் உண்டு.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. தானாகத் தொங்கும் பறவை இரண்டு காலாலும் பிடித்திருக்கும் அல்லது பிடியை அடிக்கடி மாற்றும். கழுத்தை வளைத்து நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருக்கும். சிறகு உடலோடு மடங்கியிருக்கும். நீங்கள் நெருங்கினால் பறந்துவிடும். சிக்கிய பறவையின் ஒரு கால் மட்டும் நீண்டிருக்கும், சிறகு விரிந்து தொங்கும். விட்டுவிட்டுப் படபடக்கும், பிறகு களைத்து அசையாமல் இருக்கும். நெருங்கினாலும் போகாது, போக முடியாது.

அப்படிப் பார்த்தால் இழுக்க வேண்டாம். இழுத்தால் மெல்லிய கால் எலும்பு முறியும், நூல் தோலை அறுக்கும். ஒரு துணியைப் பறவையின் மேல் போட்டுத் தலையை மூடினால் அது அடங்கும். உடலைக் கையில் தாங்கிக்கொண்டு, நூலைப் பறவையிலிருந்து சற்றுத் தள்ளி முதலில் வெட்ட வேண்டும். உடலில் சுற்றியிருப்பதை அதன்பிறகு சிறு கத்தரியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்வது நல்லது. மின்கம்பியில் சிக்கியிருந்தால் கம்பு கொண்டு எட்டிப்பார்க்கும் வேலையே வேண்டாம், மின்வாரிய ஊழியரைத்தான் கூப்பிட வேண்டும்.

பழமரத்துக்கு வலை போட்டே ஆக வேண்டும் என்றால், விரல் நுழையாத அளவு சிறிய கண்ணுள்ள வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டலாம். தொளதொளவென்று போர்த்திய பெரிய கண் வலையில்தான் பறவைகளும் வௌவால்களும் அதிகம் மாட்டுகின்றன. நாலைந்து குலை மட்டும் என்றால் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் குலைக்கு மாட்டிவிடலாம். செலவும் குறைவு, அடுத்த பருவத்துக்குத் துவைத்து எடுத்துவைக்கவும் முடியும்.